பிரிட்ஜுக்கு அடித்த பெயின்ட் உரிகிறதா, சுருங்குகிறதா, ஒட்டுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் ஒற்றைக் கதவு. வாங்கிப் பதினோரு வருஷம் ஆனபோதும் குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தூத்துக்குடி உப்புக் காற்றில் கதவின் அடி ஓரம் துருவேறி, மெரூன் நிறம் வெளிறி, பார்க்கவே சங்கடமாக இருந்தது. புதிது வாங்கக் கையில் பணம் இல்லை; நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மனமும் இல்லை. மூன்று ஸ்பிரே டப்பா வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் தாழ்வாரத்தில் வைத்து வெளிர்பச்சை அடித்தேன். அன்று சாயந்தரம் அவ்வளவு அழகாக இருந்தது. இருபது நாள் கழித்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் அம்மாவின் வளையல் பட்டு ஒரு சின்னக் கீறல். நகத்தால் லேசாக நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே கையோடு வந்துவிட்டது.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தெரு முனையில் இருக்கும் டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். கார் கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்டர் அண்ணன் அதை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். "மேல என்ன கலர் அடிச்சீங்கன்னு நான் கேக்கல தம்பி. கீழ என்ன இருந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றார்.

அதன்பிறகு அந்தப் பிரிட்ஜையும், வாஷிங் மெஷினையும், அக்கம்பக்கத்து வீடுகளின் கிரைண்டர், மின்விசிறி என்று ஏழெட்டுப் பொருட்களையும் வண்ணம் மாற்றிவிட்டேன். அவர் கேட்ட கேள்விதான் இன்றுவரை எனக்கு வழிகாட்டி. பெயின்ட் கெட்டுப்போனால் நம் கை தன்னால் அடுத்த கோட் அடிக்கத்தான் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த அடுக்கு கைவிட்டது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்குக் காசு செலவில்லை. கண்டுபிடிக்காமல் அடிக்கும் ஒவ்வொரு டப்பாவும் வீண் செலவு.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கி, பிரிட்ஜ் என்றால் ஒரு நாள் முழுக்க அணைத்தே வையுங்கள். குளிர் விட்டு, கதவு ஓரங்களில் பூத்திருக்கும் ஈரம் காய வேண்டும். ஸ்பிரே டப்பாவிலிருந்து பெயின்ட்டை வெளியே தள்ளுவது எரியும் வாயு. அடுப்படியில் நின்று அடிக்கவே கூடாது. பக்கத்து அறையில் எரியும் காமாட்சி விளக்குகூட தீப்பிடிக்கப் போதும். திறந்த இடம்தான் சரி. சாதாரண துணி மாஸ்க் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், தின்னர் வாடையைத் தடுக்காது. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போதைய பல பிரிட்ஜ்களில் வெப்பம் வெளியேற்றும் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகிறது. பக்கம் கதகதப்பாக இருப்பது அதனால்தான். அங்கே ஆணி, டிரில் எதுவும் போடக்கூடாது. உள்ளே ஓடுவது ஆர் 600ஏ வாயு என்று கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் எழுதியிருந்தால் அதுவும் எரியும் வாயுதான். பின்புறத்துக் கறுப்புக் கம்பி வலை, காற்றுத் துளைகள், எர்த் வயர் மாட்டிய ஸ்குரூ ஆகியவற்றின் மீது பெயின்ட் படக்கூடாது. எர்த் தொடும் இடத்தில் பெயின்ட் ஏறினால் மின்சாரம் தரைக்குப் போகும் வழி அடைபடும். மாடல் எண், ஸ்டார் லேபிள் இருக்கும் ஸ்டிக்கர்களை டேப் ஒட்டி மறையுங்கள். நாளை மெக்கானிக் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பிரிட்ஜின் உட்புறம், மைக்ரோவேவின் உட்புறம், அடுப்பில் பர்னரைச் சுற்றிய இடம், இஸ்திரிப் பெட்டியின் அடி, கிரைண்டர் டிரம்மின் உட்புறம் ஆகியவற்றுக்குச் சாதாரண பெயின்ட் வேண்டவே வேண்டாம். சாப்பாடு படும் இடமும் தீ படும் இடமும் இந்த வேலையில் சேராது.

கீறினால் தோல் போல உரிந்து வருகிறது

எல்லோருக்கும் வருவது இதுதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நிறம் தெரிந்து, பிரிட்ஜில் பழைய நிறம் பளபளவென்று அப்படியே இருந்தால், பிரைமர் பழைய பூச்சைப் பிடிக்கவே இல்லை. பின்பக்கமும் மேல் நிறமே இருந்து, பிரிட்ஜில் பிரைமர் உறுதியாக நின்றால், பிரைமருக்கும் நிறத்துக்கும் நடுவில்தான் கோளாறு: தேய்த்த தூளைத் துடைக்காமல் அடித்திருப்பீர்கள், அல்லது நடுவில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். பின்பக்கம் காவித்தூள் ஒட்டியிருந்தால் அது துரு. கீழே துருவுக்கான பகுதிக்குப் போய்விடுங்கள். என் துண்டின் பின்பக்கம் வெளிர்பச்சை, பிரிட்ஜில் மெரூன் பளபளப்பு. பிரைமரே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பின் மேல் அடித்திருந்தேன்.

தொழிற்சாலையில் இந்தத் தகட்டுக்குப் போடுவது நாம் டப்பாவில் வாங்கும் பெயின்ட் அல்ல. பெரும்பாலும் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவி 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் உருக்கி இறுக வைப்பது. அல்லது முன்பே நிறம் பூசிச் சுட்ட தகட்டை அப்படியே வளைத்துச் செய்திருப்பார்கள். இரண்டிலும் நுண்துளை கிடையாது. புதுப் பெயின்ட் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பும் அதில் இல்லை. போதாததற்கு, நம் சமையலறையில் தாளித்த எண்ணெயின் புகை பல வருஷமாகப் படிந்து, பிசுக்காக ஆரம்பித்து வார்னிஷ் போல இறுகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலில் தடவினால் லேசாக இழுக்கும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வாஷிங் சோடாவும் கலந்த வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவியபின், கதவின் மேலிருந்து ஒரு சொம்பு நல்ல தண்ணீர் விடுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து இறங்கினால் பரப்பு சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடினால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். எங்கள் பிரிட்ஜில் மேல் ஓரத்துக்கு இந்தக் கழுவல் நாலு முறை தேவைப்பட்டது. கைப்பிடியைச் சுற்றி அதற்கும் மேலே ஒரு முறை.

அதன்பிறகுதான் உப்புத்தாள். பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாளைப் போட்டால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் முதலில் கழுவல், பிறகு தேய்ப்பு. ஹார்டுவேர் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். 320 நம்பர் இரண்டு, 600 நம்பர் இரண்டு போதும் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாக இருக்கும்). தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை. பளபளப்பு செத்து, சிலேட்டுப் பலகை மாதிரி மங்கலானால் போதும். சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால், விட்டுப்போன இடங்கள் மட்டும் மின்னும். கதவின் மடிப்பு ஓரமும் கைப்பிடிக் குழியும்தான் வழக்கமாக விட்டுப்போகும். உரிதல் தொடங்குவதும் அங்கேதான்.

ஏற்கெனவே அடித்ததை முழுக்கச் சுரண்ட வேண்டுமா? இதற்கும் சோதனை இருக்கிறது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு, கோலப்புள்ளிக் கட்டம் போல நெருக்கமாகக் கீறுங்கள். அதன்மேல் பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பக்கம் முழுதும் போகத்தான் வேண்டும். இரண்டொரு விளிம்புத் துணுக்கு மட்டும் வந்தால், உரிந்த இடத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் போட்டுத் தப்பிக்கலாம். கதவிலும் இரண்டு பக்கங்களிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். எங்கள் பிரிட்ஜில் இடப்பக்கம் தாங்கியது, கதவு தாங்கவில்லை.

சின்னச் சின்னக் குழிகள், பெயின்ட் ஒதுங்கி நிற்கிறது

மீன் கண் போல வட்டக் குழி. நடுவில் அடி நிறம் தெரியும். பெயின்ட் கடை அண்ணாச்சியிடம் சொன்னால் டப்பாவின் மேல் பழி போடாமல், "எண்ணெய் பட்டிருக்கும்" என்பார். அவர் சொல்வதே சரி. எண்ணெய் அல்லது சிலிக்கான் ஒரு துளி இருந்தாலும் ஈரப் பெயின்ட் அதைவிட்டு விலகி ஓடும்.

சிலிக்கான் எங்கிருந்து வரும்? பிரிட்ஜ் பளபளக்க என்று துடைத்த பாலிஷ், பக்கத்தில் பைக்குக்கு அடித்த ஸ்பிரே. எண்ணெய் எங்கிருந்து வரும்? நம் தலையிலிருந்தே. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிவிட்டு, அதே கையால் கதவைத் தொட்டிருப்போம். வேலைக்கு இறங்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தேய்த்தபின் விரல் படாமல் இருக்க ஒரு ஜோடி கையுறை. துடைக்கப் புதிய பனியன் வேஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள்; சமையலறைக் கரித்துணி உதவாது.

குழி விழுந்தபின் அதன்மேல் கெட்டியாக அடித்து மூட முடியாது. முழுக்கக் காயவிட்டு, 400 நம்பரால் குழி மட்டமாகும்வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து மறுபடி அடியுங்கள்.

பால் ஆடை போலச் சுருங்குகிறது

காய்ச்சிய பாலை ஆறவைத்தால் மேலே ஆடை கட்டி, டம்ளரை அசைத்தால் சுருங்குமே, அதே காட்சி. காரணமும் கிட்டத்தட்ட அதேதான். மேல்பரப்பு காய்ந்து தோல் கட்டிவிட்டது, உள்ளே இன்னும் ஈரம். எனாமல் (கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடிக்கும் எண்ணெய் வகைப் பெயின்ட்) காய்வது வெறும் தின்னர் ஆவியாவதால் மட்டும் இல்லை. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துத்தான் அது இறுகுகிறது. கெட்டியாகப் பூசினால் ஆக்ஸிஜன் அடிவரை எட்டாது.

இன்னொரு காரணம் சேரக்கூடாததைச் சேர்ப்பது. கடையில் எனாமல், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) என்று இரண்டு குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எனாமலுக்கு டர்பன்டைன். என்.சி.க்கு என்.சி. தின்னர், அது பல மடங்கு காரமானது. எனாமல் பூசிய பரப்பின் மேல் என்.சி. அடித்தால் அந்தத் தின்னர் கீழே ஊறி, எனாமலைக் கிளப்பிவிடும். ஐந்து நிமிஷத்தில் முதலைத் தோல் மாதிரி ஆகிவிடும். என்.சி. நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் எனாமல் அடிக்கலாம். தலைகீழாக மட்டும் கூடாது. பிரிட்ஜுக்கு முன்பு யாராவது கையால் பெயின்ட் அடித்திருந்து, அது என்ன வகை என்று தெரியாவிட்டால், பின்பக்க மூலையில் என்.சி. தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிஷம் ஒற்றிப் பாருங்கள். சுருங்கிக் கிளம்பினால் எனாமல். கரைந்து துணியில் நிறம் இறங்கினால் என்.சி. அல்லது ஸ்பிரே டப்பா வகை. ஒன்றும் ஆகாவிட்டால் தொழிற்சாலைப் பூச்சு.

ஸ்பிரே டப்பாவில் 'அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 24 மணி நேரத்துக்குப் பிறகு' என்பது போல எழுதியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மணிக்கணக்கு மாறும். பொடி எழுத்துதான், ஆனால் படியுங்கள். நடுப்பட்ட நேரத்தில் அடித்தால், அரைகுறையாக இறுகிய அடிக்கோட்டை மேல்கோட்டின் தின்னர் தாக்கிச் சுருக்கிவிடும்.

சுருங்கியதைத் தேய்த்து மட்டமாக்க உடனே போகாதீர்கள், உப்புத்தாளில் பிசின் போல அப்பும். ஒரு வாரம் விடுங்கள், கெட்டியானபின் 220 நம்பரில் சுரண்டி எடுத்து மறுபடி பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

ஒழுகி வடிந்திருக்கிறது

கிட்டே நின்று அடித்திருப்பீர்கள், அல்லது ஒரே இடத்தில் கை நின்றிருக்கும். டப்பாவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும். கதவுக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, கதவைத் தாண்டியபின் விரலை எடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூடட்டும். முதல் கோட்டில் அடி நிறம் தெரியத்தான் செய்யும், பதறாதீர்கள். வடிந்ததை ஈரத்தில் தொடாமல் காயவிட்டு, மேடு மட்டும் 400ல் தேய்க்கவும்.

தொட்டால் சொரசொரவென்று மணல் போல இருக்கிறது

தூத்துக்குடியில் இதற்கு இரண்டு காலம். சித்திரை, வைகாசி வெயிலில் தகடு சுடும்போது அடித்தால், பெயின்ட் துளிகள் தகட்டை எட்டும் முன்பே பாதி காய்ந்து பொடியாக விழும். ஆடிக் காற்றில் அடித்தால் நிஜமாகவே மணல்தான். முதலாவதற்கு, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் நிழலில் அடியுங்கள். இரண்டாவதற்கு, மூன்று பக்கமும் பழைய வேட்டி கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். டப்பாவை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

சரிசெய்வது சுலபம். காய்ந்தபின் 600ல் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, துடைத்து, கடைசியாக ஒரு மெல்லிய கோட். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப்புள்ளியாக இருந்தாலும் இதே வைத்தியம்தான்.

காய்ந்தபின் வெண்மை பூத்து மங்கிவிட்டது

ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் என்.சி. அல்லது ஸ்பிரே அடித்தால் வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் வந்து படிகிறது. வெயில் வந்த நாளில், காய்ந்த காற்றில், மிக மெல்லிய ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்காமல் தள்ளிப்போடுவதே நல்லது. தை, மாசி எங்கள் பக்கத்தில் பெயின்ட்டுக்கு ஏற்ற மாதங்கள்.

வெளிர் நிறத்துக்குக் கீழே காவி எட்டிப் பார்க்கிறது

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுதான் தீராத தொல்லை. பிரிட்ஜில் கதவின் அடி மடிப்பு, வாஷிங் மெஷினில் கீழ் மூலைகள், மேல் மூடி ஓரம். வீடு துடைக்கும் தண்ணீரும் சோப்பு நுரையும் மடிப்புக்குள் ஏறித் தங்குகின்றன. உப்பு இருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தகடு காயவே காயாது. துருவின் மேல் பெயின்ட் அடித்தால் அது துருவைப் பிடிக்கிறதே தவிர இரும்பைப் பிடிப்பதில்லை. துரு உதிரும்போது பெயின்ட்டும் கூடவே உதிரும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரிலேயே ஒரு வாளி செலவழியுங்கள், இதில் மிச்சம் பார்க்க வேண்டாம். காய்ந்ததும் ஸ்குரூ டிரைவர் முனையால் துரு இருக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று இரும்புச் சத்தம் வந்தால் பிழைத்தது. முனை உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது. அங்கே எம்-சீல் (பிசைந்து வைத்தால் கல் போல இறுகும் பசை) வைத்து அடைத்துத் தேய்க்க வேண்டும், பெயின்ட்டால் ஆவது ஒன்றுமில்லை.

உறுதியான இடத்தில் வயர் பிரஷ், பிறகு 120 நம்பர், வெள்ளி மினுக்கும் தகடு வரும்வரை. புள்ளிக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடைகளில் கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு தடவினால் காவி கறுத்துச் சாம்பலாக மாறும். டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து, அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். எங்கள் ஊரில் காலையில் தேய்த்த தகட்டை இரவு வெறுமனே விட்டால், விடியும்போது இளங்காவி பூத்திருக்கும். நான் ஒரு முறை அப்படி விட்டு, அரை நாள் வேலையை மறுபடி செய்தேன்.

பிரைமர் என்றால் ரெட் ஆக்சைடுதான் மலிவு, நன்றாகவே உழைக்கும். மெல்லியதாக இரண்டு கோட், நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. மடிப்புக்குள் ஸ்பிரே போகாது. பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்து உள்ளே ஊட்டுங்கள். கதவடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். மஞ்சள் நிற சிங்க் குரோமேட் பிரைமர் பழைய டப்பாவாக எங்காவது கிடைத்தால் வீட்டில் வைத்துத் தேய்க்க வேண்டாம். அதிலிருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சிங்க் பாஸ்பேட் பிரைமர் அதற்கு நல்ல மாற்று.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: பழைய ஸ்டீல் பீரோ, பழைய மின்விசிறி போன்றவற்றில் பல வருஷத்துக்கு முன் அடித்த எனாமல் இருந்தால், அதில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மஞ்சள், சிவப்பு, பச்சைப் பூச்சுகளை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டே தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி எடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

திட்டுத் திட்டாக இருக்கிறது, நினைத்த நிறம் வரவில்லை

ரெட் ஆக்சைடின் மேல் நேராக வெள்ளையோ வெளிர்மஞ்சளோ அடித்தால் இளஞ்சிவப்பு சாயல் எட்டிப் பார்க்கும். நடுவில் வெள்ளை அல்லது சாம்பல் பிரைமர் ஒரு கோட் வேண்டும்.

மற்றபடி, திட்டுத் திட்டாக நிற்பது பெரும்பாலும் பெயின்ட் போதாமல்தான். சிறிய ஒற்றைக் கதவு பிரிட்ஜில் கதவும் இரு பக்கமும் சேர்ந்தால் சுமார் 2 சதுர மீட்டர். 400 மி.லி. ஸ்பிரே டப்பாவில் கணிசமான பங்கு வாயுவும் தின்னரும்தான். காற்றில் பறப்பதும் கொஞ்சம் இல்லை. எனக்குக் கதவுக்கு மட்டும் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு தேவைப்பட்டது. முழு பிரிட்ஜுக்கு இந்தக் கணக்கில் போனால் கையைக் கடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் அரை லிட்டர் எனாமலும் நாலு அங்குல ஸ்பஞ்சு ரோலரும் வாங்குங்கள். முழு பிரிட்ஜுக்கும் இரண்டு கோட் அடித்து மிச்சமும் இருக்கும். எனாமலில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் டர்பன்டைன் கலந்து, ரோலரை மெதுவாக உருட்டி, கடைசியில் அழுத்தமே இல்லாமல் மேலிருந்து கீழ் ஒரே இழுப்பாக விட்டால் குமிழ் நிற்காது. ஸ்பிரே அளவுக்கு வழவழப்பு வராது. ஆனால் இரண்டடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

பிளாஸ்டிக் பகுதி மட்டும் உரிகிறது அல்லது நெளிந்துவிட்டது

மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள், பிளாஸ்டிக் வகை அச்சிட்டிருக்கும். ஏ.பி.எஸ். என்றால் பெயின்ட் பிடிக்கும், ஆனால் என்.சி. தின்னர் பட்டால் இளகி நெளியும். பி.பி. என்றால் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் எதுவும் நிற்காது. மடங்கும் இடம், அடிக்கடி அழுத்தும் பட்டன் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அங்கே எந்தப் பெயின்ட்டும் நாள்பட நிற்பதில்லை. அதற்கு வினைல் ஸ்டிக்கர்தான் சிறந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் காற்றுக் குமிழ் வெளியேறிவிடும்.

ஒரு வாரம் ஆகியும் விரல் ஒட்டுகிறது, கதவு பிடித்துக்கொள்கிறது

எனாமல் தொட்டால் ஒட்டாமல் இருக்கச் சில மணி நேரம், மேலே கை வைக்க ஒரு நாள், முழுக்க இறுக இரண்டு மூன்று வாரம். கெட்டியாகப் பூசினாலோ, மழை ஈரத்திலோ, எனாமலில் தவறிப்போய் வேறு தின்னர் கலந்தாலோ இன்னும் இழுக்கும். மின்விசிறி போட்டுக் காற்றோட்டம் கொடுத்துக் காத்திருங்கள். ஒரு மாதம் ஆகியும் நகம் பதிந்தால் அது இறுகாது, சுரண்டத்தான் வேண்டும்.

கதவு ரப்பர் தொடும் இடம் தனிப் பிரச்சினை. அந்த ரப்பரை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் எனாமலுக்குள் இறங்கி, இறுகிய பெயின்ட்டையும் மறுபடி இளக்கிவிடும். ஆகவே ரப்பர் உட்காரும் சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் டேப் ஒட்டி மறைப்பதே நல்லது. ஏற்கெனவே அடித்திருந்தால் அந்த விளிம்பை மட்டும் சுரண்டி எடுத்து, ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, முகப் பவுடரை லேசாகத் தடவுங்கள். இறுகும் வரைக்கும் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெண்ணெய்த் தாள் துண்டுகள் வைத்தால், கதவைத் திறக்கும்போது ரப்பரோடு பெயின்ட் பிய்ந்து வராது.

அந்த ஒரு மாதத்துக்குக் கதவில் காந்தப் பொம்மை, ஸ்டிக்கர், ஈரத்துணித் துடைப்பு எதுவும் வேண்டாம். என் வேலை முடிந்த பத்தாவது நாள் ஆயுத பூஜை வந்தது. சந்தனமும் ஈரக் குங்குமமும் புதுப் பூச்சில் ஏறினால் கறை போகாது என்று அம்மாவிடம் சொன்னேன். பிரிட்ஜின் தலையில் ஒரு வாழையிலைத் துண்டு போட்டு, அதில் பொட்டு வைத்தார்.

இப்போது நாலு வருஷம் ஆகிறது. போன மார்கழியில் கதவின் அடி மூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காவி தெரிந்தது. மிச்சப் பெயின்ட்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறுக மூடி வைத்திருந்தேன். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு புள்ளி வைத்து, மறுநாள் மேலே தொட்டுவிட்டேன். பாட்டிலில் இன்னும் இரண்டு விரல் அளவு இருக்கிறது.